வலி என்றுதான் சொன்னாள்

வெள்ளத்தாயின் இடுப்பு வலி ஆய்வுக்குப் போயிருந்தது. அதனால் அவளுக்கு ஆபரேஷன் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

டாக்டர் சொன்னதில் தப்பில்லை. வலி இருந்தால்தான் வைத்தியம். வெள்ளத்தாய்க்குக் கர்ப்பப்பை இறங்கியிருந்தது. காலையில் எழுந்ததும் அதை உள்ளே தள்ளிவிட்டு, சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தீப்பெட்டி ஆபீசுக்குப் போவாள். பொழுது சாயும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்து தீக்குச்சிக் கட்டை அடுக்குவாள். ஆனால் வலிக்கவில்லை. வலியைத்தான் சித்திரை மாசமே மகள் மாரிக்கனி ஒரு தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு போய்விட்டாளே.

டாக்டர் அடிவயிற்றில் அமுக்கினார்.

"வலிக்குதா?"

"இல்லீங்க."

"இங்க?"

"இல்லீங்க. உங்க கைதான் சில்லுன்னு இருக்கு."

டாக்டர் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். மாரிக்கனியைப் பார்த்தார்.

"வலி எங்கம்மா?"

"ஆய்வுல இருக்கு சார்."

"யாரு குடுத்தது?"

"நான்தான் சார் வாங்கிட்டுப் போனேன்."

"அப்ப நீயே போய் வாங்கிட்டு வா. வலி இல்லாத உடம்புல கத்தி வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது."

"அம்மாவுக்கு ரத்தம் போகுது சார்."

"ரத்தம் வேற பிரிவு. சாயங்காலத்தோட எனக்கு மாறுதல். அதுக்குள்ள வந்துரு. எனக்கு அப்புறம் வர்றவரு பல் டாக்டர்."

பல் டாக்டர் அப்போதே வந்து மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் குறடு இருந்தது. மாரிக்கனியைப் பார்த்து மரியாதையாகத் தலையாட்டினார்.

வெளியே வந்ததும் மாரிக்கனி அம்மாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன? வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துரும்?"

"வலிக்கலயேட்டி. குடுத்ததைக் குடுத்துட்டு இன்னும் எங்கிட்ட இருக்குன்னு எப்படிச் சொல்ல?"

"இங்கயே உக்காரு. எங்கயும் போயிராத."

"நான் எங்கட்டி போவேன்? வேற வளி?"

வெள்ளத்தாய் சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்த பெஞ்சில் ஏற்கெனவே அவர்கள் ஊர் நல்லமுத்தன்பட்டிப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் வலியைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். மாரிக்கனியைப் பார்த்ததும் சந்திரா மதினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பதில் ஏதாவது திட்டியிருக்கலாம்.

மாரிக்கனி அந்தத் தெருவில் முதலில் காலேஜ் முடித்தவள். 'வளரும் நாடுகளில் பெண்களின் நலவாழ்வு' என்ற ஆய்வுக்கு ஆள் எடுத்தபோது அவளைத்தான் எடுத்தார்கள். எடுத்தது வசுந்தரா மேடம். பெரிய படிப்பு, பருத்திப் புடவை, மெல்லிய குரல். முதல் நாளே மாரிக்கனியின் தோளில் கையைப் போட்டு, "எனக்குப் பொண்ணு இல்லம்மா. இனிமே நீதான்" என்றார். மேடத்துக்கு இரண்டு பெண்கள் இருந்தார்கள். மேசைமேல் போட்டோ இருந்தது. மாரிக்கனி போட்டோவைப் பார்த்தாள். இருந்தாலும் நம்பினாள். அந்த வயசில் அந்தத் தோளில் அந்த மாதிரி ஒரு கை விழுந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்.

மற்றவர்கள் போய்க் கேட்டிருந்தால் ஊரில் ஒருத்தியும் வலியைக் கழற்றிக் கொடுத்திருக்க மாட்டாள். மாரிக்கனி கேட்டதால் கொடுத்தார்கள். சந்திரா மதினியின் ஒற்றைத் தலைவலி கொண்டை ஊசி அளவுதான் இருந்தது. ஆனால் பஸ்ஸில் அதற்கு லக்கேஜ் டிக்கெட் போட்டான். அவ்வளவு கனம். செல்வராணியின் மார்வலி ஒரு கிண்ணம் நிறைய இருந்தது. அவளுக்குப் பிள்ளை தங்கவில்லை, பால் தங்கிவிட்டது. வெள்ளத்தாயின் இடுப்பு வலி சாம்பல் நிறம். ஆறிய கஞ்சிமேல் ஆடை படிந்த மாதிரி இருக்கும். தூக்குவாளியைச் சாய்த்தாலும் அது சாயாது.

"திருப்பிக் குடுத்துருவல்லா?" என்று செல்வராணி கேட்டாள். "ஆஸ்பத்திரிக்குப் போனா வேணும்."

"அளந்து பாத்துட்டுக் குடுத்துருவோம். இதை அளந்தாத்தான் நம்ம ஊருக்கு ஒரு லேடி டாக்டர் வரும்."

"யாரு சொன்னா?"

"எங்க மேடம்."

எங்க மேடம் என்று சொல்லும்போது மாரிக்கனிக்கு வாய் இனித்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டவுன் பஸ் நின்றது. கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்தே, "ஆய்வு நிறுவனமா? ஏறும்மா, இப்பல்லாம் உள்ளயே போகுது" என்றான். பஸ் ஒரு திருப்பம் திரும்பி, நிறுவனத்தின் கேட்டுக்குள் நுழைந்து, வரவேற்பு மேசையைத் தாண்டி, வராந்தாவில் போய் நின்றது.

முன்பு அந்த வராந்தா சின்னது. கேட்டில் நின்றாலே மேடம் அறையிலிருந்து காபி மணக்கும். இப்போது முனை தெரியவில்லை. ஒரு ஆள் சைக்கிளில் டீ விற்றுக்கொண்டு போனான். தூரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் வெயில்.

வாட்ச்மேன் ஞானதுரை பூவாளியால் தரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே இது?"

"வளருதும்மா. காலைல தண்ணி காட்டுனா மத்தியானம் ஒரு ஜன்னல் கூடுது."

"மேடம் ரூம் எங்க?"

"நேத்து அந்தத் தூண்கிட்ட இருந்துச்சு. அதுக்கப்புறம் பாக்கல. நேரா நட."

"நீங்க ஏன் சுவரை ஒட்டியே நடக்கீங்க?"

"நடுவுல நடந்தா வலிக்கும்."

சொல்லிவிட்டு அவர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கையை எடுத்து, "நான் ஒண்ணும் சொல்லலயே" என்றார். பூவாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

மாரிக்கனி நடுவில் நடந்தாள்.

தரை சாம்பல் நிறமாக, வழவழப்பாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவளுக்கு நெற்றியின் இடது பக்கம் தெறித்தது. இது யாருடையது என்று அவளுக்குத் தெரிந்தது. பஸ்ஸில் மடிமேல் வைத்துக்கொண்டு வந்தவள் அவள்தானே. இன்னும் கொஞ்சம் தள்ளி மார் கட்டிக்கொண்டு கனத்தது. அவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனாலும் ரவிக்கை நனைந்தது. செல்வராணி, என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். எதிரே வெளிநாட்டுக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். மெத்தென்ற ஷூ போட்டிருந்தார்கள். ஒருவர் காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். மற்றவர் ரொம்ப உறுதியாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டார்.

அடுத்த ஜன்னலுக்கு நேரே இடுப்பு விட்டுப்போனது. மாரிக்கனி அப்படியே முழங்காலில் விழுந்தாள்.

அம்மாவுடையது. சந்தேகமே இல்லை. பிறந்ததிலிருந்து அதன் பக்கத்தில் படுத்து வளர்ந்தவள் அவள். ராத்திரி அது புரண்டு படுத்தால் இவளுக்கு விழிப்புத் தட்டும்.

நகத்தால் சுரண்டினாள். பெயரவில்லை. குனிந்து காதை வைத்தாள். உள்ளே யாரோ கட்டை அடுக்கும் சத்தம் கேட்டது.

அவள் எழுந்து நடக்க வேண்டிய அவசியம் வரவில்லை. மேடத்தின் அறையே நகர்ந்து வந்து அவள் முன்னால் நின்றது. கதவு திறந்தது. மேடம் காபியோடு நின்றார்.

"மாரி! ஏன் கண்ணு கீழ உக்காந்திருக்க? உள்ள வா."

"உள்ள வரல மேடம். எங்கம்மா வலி வேணும். இன்னைக்கே வேணும்."

"வழியா? வந்த வழியேதான். நேரா போய் இடது பக்கம்."

"வழி இல்ல மேடம். வலி."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"நீங்க சொல்றது வேற. வலி. இடுப்பு வலி, தலைவலி. அந்த வலி."

மேடம் சிரித்தார். கேலி செய்யும் சிரிப்பு இல்லை. அதைவிட மோசம். பாசமான சிரிப்பு.

"உங்க பக்கத்துல ழ வராதும்மா. வாளப்பளம்னுதானே சொல்வீங்க? இதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நீ போன் பண்ணி, 'எல்லா வலியும் வந்துருச்சு மேடம்'னு சொன்னப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. பாவம், வழின்னு சொல்ல வரல பொண்ணுக்குன்னு, நானே எல்லாத்தையும் வழின்னு திருத்திச் சொல்லிட்டேன். கட்டடப் பிரிவுல உடனே வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க."

மாரிக்கனியின் ஊரில் வழியை வளி என்பார்கள். வாழையை வாளை என்பார்கள். வலியை மட்டும் யாரும் தப்பாகச் சொன்னதில்லை. பேச்சு வருவதற்கு முன்னாலேயே அந்தச் சொல் அங்கே பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

"நான் வலின்னுதான் சொன்னேன். எனக்கு லானா நல்லாவே வரும். எம்.ஏ. படிச்சிருக்கேன்."

"கோபப்படாதே. வாயைத் திற. ஆ காட்டு."

என்னவோ ஒரு பழக்கம். மேடம் சொன்னதும் வாய் திறந்துகொண்டது. மேடம் இரண்டு விரலால் அவள் நாக்கின் நுனியைப் பிடித்தார். இஸ்திரி போடுபவர்கள் சட்டைக் கையை மடிப்பது மாதிரி பின்னால் மடித்து, கட்டை விரலால் அழுத்தினார். விரலில் விலையுயர்ந்த சோப்பு வாசனை. பாப்பாவுக்கு மருந்து கொடுத்துவிட்டுத் துடைப்பது மாதிரி அவள் உதட்டைத் துடைத்துவிட்டார்.

"இப்போ சொல்லு."

"வழி."

"பாரு! எவ்வளவு அழகா வருது."

மாரிக்கனி திரும்பச் சொல்லிப் பார்த்தாள். வழி. வழி. மற்றச் சொற்களில் நாக்கு ஒழுங்காகப் புரண்டது. பல்லி, எலி, புலி எல்லாம் சரியாக வந்தன. அந்த ஒரு சொல் வரும்போது மட்டும் மடிந்துகொண்டது.

"இதை எடுத்துவிடுங்க."

"சரியா இருக்கிறதை ஏன்மா எடுக்கணும்?"

மேடம் காபியை ஒரு வாய் குடித்தார். பிறகு குரலை இன்னும் மெல்லியதாக்கிக்கொண்டார்.

"உன்கிட்ட மறைக்க மாட்டேன். நீ என் பொண்ணு. நீ என்ன சொன்னேன்னு எனக்கு மறுநாளே தெரிஞ்சுபோச்சு. தரை முனகுச்சு."

"அப்புறம் ஏன் மேடம்?"

"அதுக்குள்ள திறப்பு விழா வச்சுட்டாங்களே. யோசிச்சுப் பாரு. அந்தச் சொல்லைச் சொன்னா யாரு வந்து நடப்பாங்க? வழின்னா உலகமே நடக்கும். நடக்குது பாரு."

"அந்தப் பொம்பளைங்க உங்களை நம்பிக் குடுத்தாங்க."

"உன்னை நம்பிக் குடுத்தாங்க," என்று மேடம் திருத்தினார். அவருக்குத் தப்பைக் கண்டால் திருத்தாமல் இருக்க முடியாது. "அதோட, அவங்க வாயாலேயே சொல்லியிருக்காங்க. நீ எடுத்துட்டு வந்த பேட்டி எல்லாத்தையும் நான் கேட்டேன். ஒவ்வொருத்தியும் பேசி முடிக்கும்போது, வேற வழி, வேற வழின்னுதான் முடிக்கிறா. ஒருத்திகிட்டயே எத்தனை வழி! வளரும் நாட்டுப் பெண்கள்கிட்ட வழி நிறைய இருக்கு. ஆய்வோட முடிவே அதுதான்."

"அது கேள்வி மேடம். வேற வழி ஏதுன்னு அர்த்தம். ஒரு வழியும் இல்லைன்னு அர்த்தம்."

"கேள்விக்குறி யாரும் போடலயேம்மா."

மாரிக்கனிக்கு மேடத்தின் காபியைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டிவிட்டாள். காபி தரையில் விழவில்லை. மேடத்தின் டம்ளரில் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது. படித்தவர்கள் காபி அப்படித்தான்.

"வருத்தப்படாதே," என்றார் மேடம். "உனக்குச் செய்யாம இருப்பேனா? மேல பாரு."

மாரிக்கனி மேலே பார்த்தாள். கூரையிலிருந்து ஒரு பலகை தொங்கியது. 'மாரிக்கனி வழி' என்று எழுதியிருந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொரு பலகை. அதிலும் அதேதான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை தொங்கிக்கொண்டே போயின.

"எங்க ஊர்க்காரங்க இதைப் பாத்தா என்ன நினைப்பாங்க?"

"பெருமைப்படுவாங்க."

"உங்க சொந்தப் பொண்ணுங்க பேரை வைக்க வேண்டியதுதானே?"

மேடம் முதல் முறையாக முகம் சுளித்தார்.

"சேச்சே. அவங்களுக்கு இந்த மாதிரி இடத்துலயெல்லாம் பேர் வர்றது பிடிக்காது."

பிறகு, "அம்மாவை நான் ரொம்பக் கேட்டதா சொல்லு" என்றார். கதவு சாத்திக்கொண்டது. அறை பின்னால் நகர்ந்து, சின்னதாகி, காணாமல் போனது.

மாரிக்கனி திரும்பி நடந்தாள். நடக்க நடக்கத் திட்டினாள். இங்கே எழுத முடியாத வார்த்தைகளெல்லாம் வந்தன. தீப்பெட்டி ஆபீசில் பெண்கள் சூப்பர்வைசரைத் திட்டும் வார்த்தைகள். அவை சுத்தமாக வந்தன. ஞானதுரை எதிரே வந்தார். அவரிடம், "அண்ணே, எனக்கு என் அம்மாவோட வழி வேணும்" என்று வாயில் வந்தது.

"அதுமேலதாம்மா நிக்க," என்றார் அவர். சுவரை ஒட்டிப் போய்விட்டார்.

பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. போகிறபோது ஒரே திருப்பம்தான் இருந்தது. வருகிறபோது அந்தத் திருப்பமும் இல்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். பல் டாக்டர் நாற்காலியை அறையின் நடுவுக்கு இழுத்துப் போட்டிருந்தார். வெள்ளத்தாயை உள்ளே கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். அவள் காலடியில் ரத்தம் ஒரு சொட்டு விழுந்திருந்தது. பல் டாக்டர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்தார்.

"கொண்டு வந்தியாம்மா?" என்றார் டாக்டர்.

"சார், எங்கம்மாவுக்கு," என்று மாரிக்கனி ஆரம்பித்தாள். நாக்கைப் பல்லால் கடித்துப் பிடித்தாள். உள்ளே தள்ளினாள். வெளியே நீட்டினாள். "எங்கம்மாவுக்கு வழி."

"என்னது?"

"வழி சார். வழி. நோவு."

"நோவு செவ்வாய்க்கிழமை. இன்னைக்கு வலி மட்டும்தான்."

"வேதனை சார்."

"அது மாடியில. மனசுக்கு."

மாரிக்கனி மேசையிலிருந்த பேனாவை எடுத்து உள்ளங்கையில் வலி என்று எழுதிக் காட்டினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதினது செல்லாதும்மா. வாயால சொல்லணும். எழுதத் தெரியாத பொம்பளைங்களுக்கு அநியாயம் ஆயிடக் கூடாதுன்னு சட்டம் அப்படி. சொல்லு, கேக்குறேன். உங்கம்மாவுக்கு என்ன வேணும்?"

அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பெஞ்சில் இருந்த பெண்கள் எழுந்து வந்து வாசலில் நின்றார்கள். சந்திரா மதினிகூட வந்துவிட்டாள். மாரிக்கனி மூச்சை இழுத்தாள். அம்மாவின் இடுப்பை நினைத்துக்கொண்டாள். தரையில் காதை வைத்தபோது கேட்ட சத்தத்தை நினைத்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள்.

"வழி."

அவ்வளவு சுத்தமான ழகரம் அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. பல் டாக்டர் தன்னை மறந்து கைதட்டினார்.

"வழியா? இதை முதல்லயே கேட்டிருக்கலாமே," என்றார் டாக்டர். அலமாரிக்குப் பக்கத்திலிருந்த கதவைத் திறந்துவிட்டார்.

கதவுக்கு அந்தப் பக்கம் வராந்தா. சாம்பல் நிறத் தரை. பூவாளித் தண்ணீர் இன்னும் காயவில்லை. சாயங்காலத்துக்குள் இதுவரைக்கும் வளர்ந்துவிட்டிருந்தது.

வெள்ளத்தாய் கதவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பூரித்துக் கிடந்தது.

"ஏட்டி மாரி! எம்புட்டு அளகாச் சொல்லுத! இன்னொரு மட்டம் சொல்லு."

"அம்மா."

"டிவியில பேசுதவுக மாதிரியே இருக்கு. நம்ம சனத்துல யாருக்கு இந்த எளுத்து வந்திருக்கு?" வாசலில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டியளா? எம்மவ. படிச்சவ."

"நல்லா இருக்கு," என்றாள் செல்வராணி. வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள்.

வெள்ளத்தாய் சேலையை இன்னொரு சுற்று இறுக்கினாள். கதவருகே போய் எட்டிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். இவ்வளவு நல்ல தரையில் செருப்புக் காலோடு போவது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மாரிக்கனி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, அதுல நடக்காத! அது உன் வழிம்மா!"

"ஆமாட்டி, என் வளிதான்," என்றாள் வெள்ளத்தாய். மகளின் கையை மெல்ல விலக்கினாள். "நான் போயிக்கிடுதேன். நீ உன் சோலியப் பாரு."

தரையில் காலை வைத்தாள். அவள் கை தானாக இடுப்புக்குப் போனது. நிற்கவில்லை. நடந்தாள்.

டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விளக்கை அணைத்தார். வாசலில் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள்.